மேயரின் ஒரு நிமிடம்

எங்கள் ஊர்க் கல்குவாரியில் நாஜிகள் முகாம் வைத்திருந்தார்கள். அங்கே மாண்டவர்களுக்காக மேயர் ப்ரோமெல் வருடாவருடம் பேசுவார். பாதிப் பேச்சு தான் போட்ட சாலைகளைப் பற்றி இருக்கும். பிறகு ஒரு நிமிட மௌனம். மேயரின் நிமிடம் மிகச் சிறியது. நாம் மூக்கைச் சிந்துவதற்குள், விருந்துக்குச் சுட்டு வைத்த இறைச்சியை நினைத்து, "நன்றி, சாசேஜ் ஆறுது" என்று முடித்துவிடுவார்.

ஃப்ரீடா லௌபிங்கரின் தம்பி மானோ அந்தக் குவாரியில்தான் செத்தான். 'ஜிப்ஸி' என்று ஒதுக்கி வைத்திருந்த அவளை இந்த விழாவுக்குக் கூப்பிடவே எங்கள் ஊருக்கு நாற்பது வருடம் ஆயிற்று.

"என் தம்பிக்கு ஒரு தடவையாச்சும் முழுசா ஒரு நிமிஷம் குடுக்கச் சொல்லேன்ப்பா," என்று என்னிடம் சலித்துக்கொண்டாள். "அதையும் இந்த ஆளு தின்னுடறான்."

"அவரு வயித்துக்கு அவசரம் ஃப்ரீடாம்மா."

இந்த வருடமும் மேயர் தலை குனிந்தார், உடனே நிமிர்ந்து வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மைக்கைத் தட்டினார், அதுவும் கேட்கவில்லை. கூட்டம் கைதட்டிப் பார்த்தது. கைகள் மோதின, ஓசை இல்லை. பேண்டுக்காரர் ஊதினார், கன்னம் மட்டும் உப்பியது.

ஆளில்லாத குவாரிப் பாதையிலிருந்து ஒரே ஒரு சத்தம் வந்தது. முகாமில் கைதிகளுக்குக் கொடுத்த மரச்செருப்பு சரளையில் நடக்கும் சத்தம். அது மேயரைக் கடந்து, ஃப்ரீடாவின் பக்கத்துக் காலி நாற்காலி வரை வந்தது. நாற்காலி கிறீச்சிட்டது.

ஃப்ரீடா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் குரல் மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

"காலை ஆட்டாம உக்காருடா. இன்னும் நிமிஷம் முடியல."