‘சரி சார்’ ஒழிப்பு நிபுணர்

“எஞ்சின் கெட்டு விழுந்த விமானத்தைவிட, ‘சரி சார்’னு சொல்லியே விழுந்த விமானம்தான் மாமா அதிகம்!”

வாத்தியார் இதை உலகத்துக்கு அறிவித்தபோது வாய் நிறையப் பற்பசை நுரை. உலகம், அக்காவின் கணவர் வடிவில், தோளில் துண்டோடு குளியலறைக்கு வெளியே காத்திருந்தது.

“கேப்டன் தப்பாச் சொன்னா, பக்கத்துல இருக்கிற சின்ன பைலட் ‘இல்ல சார், தப்பு’ன்னு பட்டுனு சொல்லணும். பயந்துபோய் ‘சரி சார்’னான், எல்லாரும் காலி. அந்த தைரியத்தை இங்கிலீஷ்ல சொல்லிக் கொடுக்கிறதுதான் என் வேலை.”

“அந்த வேலை இன்னும் கிடைக்கலையேப்பா,” என்றார் மாமா. “வெளிய வா புரொபசர். எனக்கு ஏற்கெனவே கிடைச்சிருக்கிற வேலைக்கு நேரமாச்சு.”

அதற்குள் மாமாவின் கைப்பேசி அடித்தது. கிடங்கு முதலாளி. “சரி சார்... ஞாயித்துக்கிழமையுமா? சரி சார்... சரி சார்.”

தரையை நோக்கி வந்துகொண்டிருக்கும் விமானத்தைப் பார்ப்பதுபோல் வாத்தியார் அவரைப் பார்த்தார்.

விமானிகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் வேலை தேடி நாடு விட்டு நாடு வந்தவர், அக்கா வீட்டு ஹால் சோபாவில் மாட்டிக்கொண்டிருந்தார். சோபா அவரைவிட ஒரு சாண் குட்டை. ஏறி இறங்கிய விமானப் பயிற்சிப் பள்ளிகள் எல்லாம் ‘சொல்லி அனுப்புறோம்’ என்றன. எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

விசா முடியப்போகிறது. நீட்டிக்க இரண்டே வழி. ஒன்று, இன்றைய நேர்காணலில் தேறுவது. மற்றது, திங்கட்கிழமை முதல் மாமாவின் கிடங்கில், மாமாவுக்குக் கீழே பெட்டி அடுக்குவது. முதலாளிக்கு ‘சரி சார்’ சொல்லும் மாமாவுக்கு, இவர் ‘சரி மாமா’ சொல்ல வேண்டும். அதற்குக் கீழே இந்த உலகத்தில் பதவி கிடையாது.

“இந்தத் தடவையாவது வாயைக் குறைச்சுக்கடா,” என்றாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொடுத்த அக்கா.

“வாய்தான்க்கா என் பாடமே!”

ஒரு கையில் சான்றிதழ் கோப்பு, மறு கையில் லேப்டாப் பை. அதனால் நேர்காணல் அறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டுதான் வாத்தியார் நுழைந்தார். பின்னால் இருந்த தண்ணீர் கேனில் கதவு போய் இடித்தது.

சின்ன அறை. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல். வெளியே ஓடுபாதையில் குட்டி விமானங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. உள்ளே காற்று எழுந்து நிற்கக்கூட இடமில்லை. மேசைக்குப் பின்னால், பறந்து ஓய்ந்து இப்போது பள்ளியை நடத்தும் கேப்டன்.

“உங்க இங்கிலீஷை விண்ணப்பத்துலயே பார்த்துட்டேன். நானும் நம்மாளுதான், தமிழ்லயே பேசுங்க. என்ன சொல்லிக் கொடுப்பீங்க?”

காலையில் நுரையோடு சொன்னதை வாத்தியார் நுரை இல்லாமல் சொன்னார். நடுநடுவே மேசையைத் தட்டினார்.

“சொல்றவன் பதவியைப் பார்க்காதே, கண்ணு முன்னாடி இருக்கிறதைப் பாரு. இதுதான் சார் முதல் பாடம். எங்க மாமா மாதிரி ஆளுங்களை காக்பிட் பக்கமே விடக் கூடாது!”

“பிரமாதம்!” என்றார் கேப்டன். “நம்ம பசங்களுக்கு அதுதான் வியாதி. நான் வேணும்னே தப்பா ஒண்ணு சொல்லிப் பார்ப்பேன். தெற்கைக் காட்டி வடக்குன்னா, சூரியனைக்கூடப் பார்க்காம வடக்கும்பானுங்க. உங்களை மாதிரி ஆளைத்தான் தேடிட்டிருந்தேன். திங்கட்கிழமையே வந்துடுங்க. கீழ ஆபீஸ்ல பாஸ்போர்ட்டைக் காட்டிட்டுப் போங்க.”

வாத்தியார் மனதுக்குள் சோபாவுக்கு விடை கொடுத்தார். நன்றி சொல்லி எழுந்து, கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தன் பக்கமாக இழுக்கப் போனார்.

“தள்ளுங்க,” என்றார் கேப்டன்.

“சரி சார்.” தள்ளினார். கதவு அசையவில்லை.

“லேசாத் தள்ளினா எப்படி? பழைய கதவு. அழுத்தித் தள்ளுங்க.”

“சரி சார்.” பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தள்ளினார். அக்கா இஸ்திரி போட்ட காலர் வியர்வையில் தொங்கியது. அறை பாதியாகச் சுருங்கிவிட்டதுபோல் இருந்தது.

“பூட்டிக்கிச்சோ சார்?”

“அதுக்குப் பூட்டே கிடையாது. தோளைக் கொடுங்க.”

“சரி சார்.” கொடுத்தார். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோளுக்குத்தான் ஆனது.

கேப்டன் மெல்ல எழுந்து வந்து, கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து நீட்டினார். குரலில் கோபமே இல்லை.

“உள்ள வரும்போது தள்ளித்தானே வந்தீங்க?”

வாத்தியார் தண்ணீரைப் பார்த்தார். கேனைப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்து, ஒரு விரல் பலத்தில் இழுத்தார். கதவு சத்தமில்லாமல் திறந்து, கேனில் இடித்து நின்றது. வெளியே நாற்காலியில், மடியில் கோப்போடு இன்னொருவர் காத்திருந்தார்.

“திங்கட்கிழமை வர வேண்டாம்,” என்றார் கேப்டன். “போறப்போ அவரை உள்ள வரச் சொல்லிட்டுப் போங்க.”

“சரி சார்.”