எறும்பளவு எழுத்து

லினக்ஸ் கணினியின் நுழைவுத் திரையில் எழுத்துகள் எறும்பளவு சிறுத்திருந்தன. கணவன் ஜெயசீலன் கண்ணைச் சுருக்குவதைப் பார்த்த மதிவதனி, ஞாயிறு காலை முழுக்க உட்கார்ந்து அமைப்புகளில் எழுத்தை இரண்டு மடங்காக்கினாள். கணினியை அணைத்து மறுபடி போட்டு அவனைக் கூப்பிட்டாள்.

அவன் திரையை நேராகப் பார்த்தான். “அடேங்கப்பா, எவ்வளவு பெருசாக்கிட்ட. பொண்டாட்டின்னா நீதான்டி” என்றபடி, விரல் பழக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டினான்.

அவள் திரையைப் பார்த்தாள். எழுத்து மாறவே இல்லை. அவள் செய்த மாற்றம் நுழைவுத் திரைக்கு வந்து சேரவில்லை. எறும்புகள் அப்படியே நின்றன.

கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் அவன் முகத்தருகே குனிந்தாள். “நான் இப்ப என்ன பண்றேன், சொல்லுங்க.”

“சிரிக்கிற. உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா?” என்றான், ஆசையாக.