இருநூறு கிராம்

குணாளன் தன் மலையேறும் சைக்கிளுக்குப் புதிதாக ஒரு பின்டயர் வாங்கினார். வாங்கிய கையோடு அதை மச்சானின் நகைக்கடைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தார். பழையதைவிட இருநூறு கிராம் குறைவு. அன்றிலிருந்து அந்த டயரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"ஏண்ணே, இவ்வளவு தடிச்ச தோலை வெச்சுக்கிட்டு எப்படித்தான் உருளுறீங்க?" என்று முன்டயரைக் கேட்டது.

"மலையில கல்லும் முள்ளும் கிடக்கே தம்பி," என்றது முன்டயர்.

"அதுக்காக? இப்பல்லாம் எடைதாண்ணே முக்கியம்."

ஞாயிற்றுக்கிழமை மலையேறினார்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு கருவேல முள் கிடந்தது. முன்டயரிடம் அது முட்டிப் பார்த்துத் தோற்றது. பின்டயரிடம் அதற்கு அந்தச் சிரமமே இருக்கவில்லை.

பஞ்சர் ஒட்டும் சாமானையும் பம்பையும், எடை கூடும் என்று குணாளன் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். உருட்டினால் புது டயர் கிழிந்துவிடுமே என்று சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க மலையிறங்கினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் காற்றுப் போய்த் தொங்கிய பின்டயர், முன்டயரிடம் பெருமையாகச் சொன்னது:

"பாத்தீங்களாண்ணே? நானும் உங்களை மாதிரி இருந்திருந்தா, இந்த மனுஷன் தோள் என்னத்துக்கு ஆகியிருக்கும்!"