பனைக்கு ஒதுக்கிய குழி

"எவன் இந்தக் குழிய மூடுனது?"

மேஸ்திரி முனிராஜ் போட்ட கூச்சலில் மண் சுமந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். வரிசையாக வாய் திறந்து கிடந்த குழிகளில் கடைசிக் குழி மட்டும் தரைமட்டத்துக்கு மூடப்பட்டிருந்தது.

மறுநாள் பூங்கா அதிகாரிகள் மாநாடு. மாநிலத்துக்கு ஒரு மரமாக, பள்ளிப் பிள்ளைகள் நடந்து பார்த்துப் படிக்க ஒரு பாதை. மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கும் அந்தந்த மாநிலத்து அதிகாரியே தங்கள் மரத்தை நடுவார். அதற்காக மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டி, வெயிலில் ஆறப் போட்டிருந்தார்கள்.

"மேய்ச்சல் நெலம் போச்சுன்னு ஊர்க்காரனுங்க பண்ணுன வேல சார் இது" என்று அவன் பூங்காக் கண்காணிப்பாளர் வெங்கடாசலத்திடம் சொன்னான்.

"நாந்தாங்க மூடுனேன்."

சொன்னவள் லூர்துமேரி, தண்ணீர் ஊற்றும் கூலிப் பெண். சில நாள் வேலைக்கு வராமல் இருந்துவிட்டு அன்றுதான் வந்திருந்தாள். கிணற்றுக்குப் புறப்பட்டவள் காலிக் குடத்தோடு நின்றாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"எதுக்கும்மா மூடுன?" என்று கேட்டார் வெங்கடாசலம்.

"ஆடு மாடு வுழுந்துருமுன்னுங்க."

"மத்த குழியில வுழுந்தா மட்டும் பரவாயில்லியா?" என்றான் முனிராஜ். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"சார், இதுல நம்ம பனைய வெச்சுருங்க. கொட்டைதானுங்களே. ஒரு சாண் கிளறுனா போதும். கன்னுங்கள வேற குழியில வெச்சுக்கலாம்."

வெங்கடாசலத்துக்கு யோசனை பிடித்திருந்தது. திரும்பத் தோண்டும் வேலை மிச்சம். தமிழ்நாடு கடைசியில் நின்றால் பார்க்கவும் நன்றாக இருக்கும். பனை மாநில மரமாகி அதிக காலம் ஆகவில்லை.

"சரி, அப்படியே வெச்சுரலாம்."

"நட்டதுக்கப்புறம் யாரும் தோண்ட மாட்டாங்களா சார்? நாயி, நரி?"

"சுத்தி முள்வேலி போட்டு, பேரெழுதிப் பலகை வெப்போம். நூறு வருஷத்துக்கு ஒருத்தன் கை வெக்க முடியாது."

"பேரு வேறயா" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் முகம் முதல் தடவையாகத் தளர்ந்தது.

மாதா கோயில் மணி அடித்தது. பக்கத்தில் மண் அள்ளிக்கொண்டிருந்த ஞானமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். லூர்துமேரி மணி வந்த திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிணற்றுக்கு நடந்தாள்.

"அவளுக்கு என்ன, கோயில் மேல கோவமா?" என்றார் வெங்கடாசலம்.

"சாமியார் வூட்டு வாசல்ல நின்னு எடம் கேட்டாளுங்க சார். ஞானஸ்நானம் ஆவாததுக்கு எடமில்லேன்னுட்டாரு" என்றாள் ஞானமேரி.

புருஷன் கிறிஸ்தவன் இல்லை போலிருக்கிறது, வீட்டு மனை கேட்டிருப்பாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். "ஒரு குடிசை போட எடம் குடுத்தா என்னவாம்?" என்றார்.

"குடிசைக்கில்லீங்க சார், அது வந்து..."

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. மாநாட்டுச் செயலாளர் இறங்கினார். குழிகளைப் பார்த்துக்கொண்டே கடைசிவரை நடந்து வந்தவர், மூடிக் கிடந்த இடத்தில் நின்றார்.

"இங்க என்ன?"

"பனங்கொட்டை ஊனறோம் சார்" என்றார் வெங்கடாசலம்.

"கொட்டையா? நம்ம மாநாட்டுத் தலைவர் கொட்டையப் பொதைச்சுட்டு எழுந்தா போட்டோவுல என்னய்யா தெரியும்? வந்தவங்க மரமெல்லாம் நிக்கும், நம்ம எடம் மட்டும் வெறுந்தரையா?" அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்லம்பள்ளியில இடுப்பு உசரப் பனை வடலி ஒண்ணு வேரோட பேத்து வெச்சிருக்கு. லாரி வந்துகிட்டே இருக்கு. முழு ஆழத்துக்குத் தோண்டி வைங்க."

"பனையப் பேத்து நட்டா பொழைக்காதுங்க சார்."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நிக்குமில்ல? போதும்."

லூர்துமேரி நிறைகுடத்தோடு திரும்பி வந்திருந்தாள். முழு ஆழத்துக்குத் தோண்டச் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது.

"சார், வேற எடத்துல தோண்டிக்கலாங்களே. எடம் எவ்வளவோ கெடக்குதே. நானே தோண்டித் தர்றனுங்க."

"யாரு இது?"

"இவதாங்க குழிய மூடுனவ" என்றான் முனிராஜ்.

"அப்படியா? மூடுனவளே தோண்டட்டும். அப்பத்தான் புத்தி வரும்."

மறுபடியும் சிரிப்பு. முனிராஜ் கடப்பாறையைக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டான்.

அவள் வெங்கடாசலத்தைப் பார்த்தாள். "நூறு வருஷமுன்னு சொன்னீங்களே சார்."

அவர் பெயர்ப்பலகைகள் அடுக்கியிருந்த பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். தூரத்தில் அரூர் பஸ் ஒன்று மேட்டில் ஏறும் சத்தம் கேட்டு, தேய்ந்து, நின்றது.

லூர்துமேரி குடத்தை இறக்கி வைத்தாள். கடப்பாறையை ஓரமாகத் தள்ளிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் மண்ணை மெல்ல ஒதுக்கத் தொடங்கினாள்.

"கையாலயா? லாரி வந்து நிக்கப்போவுது. கடப்பாறய எடுத்துக் குத்துடி!" என்று கத்தினான் முனிராஜ்.

அவள் நிமிரவில்லை.

"வேணாங்க. புள்ள தலையில பட்டுரும்."