நாற்பத்தேழு பேர் கொண்ட பென்சில் சங்கம்

"சங்கத்தில மொத்தம் எத்தனை பேர்?" சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

"நாற்பத்தேழு பேர்னு எழுதியிருக்கேன் சார். ஆனா ஒருத்தரும் இல்லை."

அவர் என் தேநீரை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் விசாரணை அதிகாரிதான் பிடிபட்டவனுக்குத் தேநீர் கொடுப்பார். மாத்தளையில் முறை வேறு.

மேசைமேல் ஜப்பானிலிருந்து வந்த பார்சல் பிரிந்து கிடந்தது. படம் வரைகிற பென்சில்கள் பன்னிரண்டு. கறுப்பு உலோகம். தலையில் அழுத்தினால் முனையில் கரி நீளும். கூடவே அந்தப் பென்சில்களின் வரலாறு சொல்லும் மெல்லிய புத்தகம் ஒன்று.

பார்சல்மேல் பெரிய எழுத்தில் விலாசம்: செயலாளர், மாத்தளை மாவட்ட ஜப்பானியப் பென்சில் வரலாற்று ஆராய்ச்சிச் சங்கம்.

செயலாளர் நான். நில அளவையாளர் ஸ்ரீஸ்கந்தராஜா ஐயாவின் கந்தோரில், இதே அலுவலகத்தில், காணிப் படங்களைப் பிரதி எடுப்பது என் வேலை.

ஐயாவின் பழைய ஜப்பான் பென்சிலை முதன்முதலாகக் கையில் பிடித்த அன்றே எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. முனை ஏன் ஊசிபோல் நீண்டிருக்கிறது? பிடி ஏன் அரம்போல் சொரசொரக்கிறது? இதையெல்லாம் முதலில் யோசித்தவன் யார், அன்று அவன் என்ன சாப்பிட்டான்?

கம்பெனிக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. தனி ஆளுக்கு யார் பதில் போடுவார்கள்?

நாலாவது கடிதத்தில் சங்கம் ஆரம்பித்தேன். ஐம்பது உறுப்பினர் என்றால் பொய் என்று தெரிந்துவிடும். நாற்பத்தேழு என்று போட்டேன்.

ஜப்பான்காரர்கள் நம்பிவிட்டார்கள். வழியில் பார்சலைப் பார்த்த யாரோ ஒருவரும் நம்பிப் பொலிசுக்குச் சொல்லித் தொலைத்துவிட்டார்.

அது எண்பத்தோராம் வருஷம். அவசரகாலச் சட்டம். நாலு தமிழ் இளைஞர்கள் ஒரே குடையில் நனையாமல் போனாலே சதி. இதில் நாற்பத்தேழு பேர், வெளிநாட்டுத் தொடர்பு வேறு.

சார்ஜன்ட் என் ஆராய்ச்சிக் கொப்பியைப் புரட்டினார்.

"பூச்சியம் தசம் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. என்ன இது, துவக்குக் குழல், குண்டு அளவா?"

"கரியோட தடிப்பு சார்."

"யாரை இதால குத்தப் போறீங்க?"

எதிர்க்கடை ரவூப் நானா இன்னொரு தேநீரோடு வந்தார். சார்ஜன்ட் அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீயும் மெம்பரா?"

"யா அல்லாஹ்! நான் கையெழுத்துப் போட்டே ஆறு வருஷம் சார்." வெறும் கிளாசைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

பின்னால் நின்ற ஐயா என் காதருகே குனிந்தார். "உமக்கு விசரோ? உம்மட சங்கத்தால என்ர கந்தோருக்குப் பூட்டு விழப்போகுது."

"நாற்பத்தேழு பேரும் வேணும்," என்றார் சார்ஜன்ட். "பெயர், வயசு, விலாசம். ஒரு பெயர் பொய்யா இருந்தாலும் நீ உள்ளே. எழுத முடியாட்டி இப்பவே ஜீப்பில ஏறு."

எங்கள் தெருவில் ஏப்ரலில் ஜீப்பில் ஏறிய தட்டச்சுக்காரர் இன்னும் இறங்கவில்லை.

பார்சலிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தேன். மூன்று தரம் அழுத்தினேன். எழுத ஆரம்பித்தேன்.

அழகையா, நாற்பத்துநாலு, ஆறாம் லயம், இரண்டாம் காம்பரா. காத்தாயி, முப்பத்தொன்பது, அதே காம்பரா. கிருஷ்ணம்மா, அறுபது, ஏழாம் லயம்.

நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயங்களை, அந்த வரிசை வீடுகளை, அறை அறையாக நிறுத்தாமல் எழுதினேன். அவ்வளவு அழுத்தி எழுதியும் கரி ஒடியவில்லை. அருமையான பென்சில்.

சார்ஜன்ட் பட்டியலை மேலிருந்து கீழாக எண்ணினார். சரியாக நாற்பத்தேழு.

"தலைவர் யார்?"

"நல்லம்மா."

"பொம்பிளையா? அவளுக்குப் பென்சிலைப் பத்தி என்ன தெரியும்?"

"கைநாட்டு சார்."

அவ்வளவு பயத்திலும் ஐயாவுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது.

சார்ஜன்ட் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். சாட்சிப் பொருள் என்று பதினொரு பென்சில்களையும் எடுத்துக்கொண்டார். பன்னிரண்டாவது என் கையில் இருந்ததால் மறந்துவிட்டார். காலையில் தோட்டத்துக்கே போய் ஒவ்வொருவராக விசாரிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் சந்தி திரும்பியதும் ஐயா கதவைச் சாத்தினார்.

"வெக்கமில்லையோ உமக்கு? உம்மைக் காப்பாத்த அவ்வளவு சனத்தையும் காட்டிக் குடுத்திட்டீர்."

"ஒரு பேரும் பொய் இல்லைங்க ஐயா. தோட்டத்து ஆபீஸ்ல கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. ஆனா காம்பராவுல யாரும் இல்லைங்க. ரெண்டு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட் வந்து எல்லாரும் தலைமன்னார்ல கப்பலேறிட்டாங்க."

ஐயா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"வயசு, விலாசம் எல்லாம் எப்பிடிப் பாடம்?"

"ரெண்டு லயத்துலயும் எழுதத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தாங்க. அவங்க போறதுக்கு விண்ணப்பம் நிரப்பிக் குடுத்தது நான்தான்."

"அப்ப நீர் ஏன் போகேல்லை?"

"குடியுரிமைக்கு நான் தனியா விண்ணப்பிச்சேங்க. எனக்கு இந்த நாடு கிடைச்சிருச்சு."

ஐயா தன் தேநீரை என் பக்கம் தள்ளிவைத்தார்.

"தலைவர் நல்லம்மாவும் போயிட்டாவோ?"

"ஏழு மாசமாச்சுங்க."

இன்னும் ஒரு கடிதம் இல்லை. அங்கே அம்மாவுக்கு எழுதிக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.