இனிக்கும் மண்

மூடிக்கிடந்த பேட்டரித் தொழிற்சாலையின் முற்றத்தில் நிலவியலாளர் இருதயராஜ் பரிசோதனைக்காக நான்கடி ஆழத்து மண்ணை எடுத்தார். வண்டலா களிமண்ணா என்று தெரிய ஒரு சிட்டிகையைப் பல்லில் வைத்து நறநறக்கிறதா என்று பார்ப்பது கல்லூரிக்காலப் பழக்கம். இது ஈயம் கலந்த மண் என்று உறைப்பதற்குள் கை வாய்க்குப் போய்விட்டது. அவசரமாகத் துப்பினார். எல்லோருக்கும் முகமூடி மாட்டிவிட்ட பாதுகாப்பு அதிகாரியும் அவர்தான்.

வாளி பிடித்திருந்த பூவாத்தா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். பதினொரு வருடம் அங்கே பழைய பேட்டரி உடைத்தவள்.

"இனிச்சுதுங்களா சார்?"

அவர் கொப்பளித்துவிட்டு ஆமென்று தலையசைத்தார். ஈய உப்பு நாக்கில் இனிக்கும்.

"எங்களுக்குச் சோறே அப்படித்தானுங்க இனிச்சுது. கம்பெனி டாக்டர்கிட்ட சொன்னோம். சிரிச்சாருங்க."

அவர் படிவத்தை எடுத்தார். நிறம், ஈரம், ஆழம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, சுவைக்கு இல்லை. ஓரத்தில் 'இனிப்பு' என்று எழுதினார். சுவைத்தவர் யார் என்று எழுதினால் வேலை போய்விடும். எழுதாவிட்டால் அது வெறும் வார்த்தை.

பூவாத்தா பாட்டில் மூடியைத் திருகாமல் கையில் வைத்துக்கொண்டு பேனாவையே பார்த்தபடி நின்றாள்.