மேல்துளை

இரட்டைக் கண்ணாடிகளின் இடைவெளியில் ஆர்கான் வாயு நிரப்புவதுதான் தீவிலுள்ள புரோத்ராபூர் பட்டறையில் நாகமுத்துவின் வேலை. கீழ்த்துளையில் வாயுவை விட்டால், மேல்துளை வழியே காற்று வெளியேறும். மேல்துளையருகே பிடித்த தீக்குச்சி அணைந்தால், உள்ளே வாயு நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு ஜன்னல் கண்ணாடியை மட்டும் அவன் நிரப்பாமலே சுவரோரம் சாத்தி வைத்திருந்தான். கப்பலில் வரும் வாயுவை வெளியே விற்கிறானோ என்று பட்டறைக்காரி பவானிக்குச் சந்தேகம்.

"ரஹ்னே தோ அக்கா, அந்த ஒண்ண விட்டுருவோம்."

"ஏன், கேஸ் இல்லையா?"

"இருக்கு."

சிலிண்டரில் வாயு இருக்கத்தான் இருந்தது. விற்கத்தான் மிச்சம் பிடிக்கிறானோ என்று அவள் சந்தேகம் இன்னும் கிளறியது. தானே கீழ்த்துளையில் குழாயைச் செருகி, மேல்துளையில் தீக்குச்சியைப் பிடித்தாள். வால்வை இன்னும் திறக்கவில்லை. சுடர் வெளிப்பக்கம் சாய்ந்தது. பிறகு துளைக்குள் இழுபட்டது. மறுபடி வெளியே சாய்ந்தது.

"ஃபேன நிறுத்து."

"ஓடவே இல்லக்கா."

அவன் ஏதோ வித்தை காட்டுகிறான் என்று எண்ணி, வால்வைத் திறந்தாள். சுடர் உள்ளும் வெளியுமாக வேகவேகமாக ஆடியது. பிறகு மெல்ல அடங்கி அணைந்தது.

"ரொம்பிருச்சு, பாத்தியா?" என்று இரண்டு துளைகளையும் பசை வைத்து அடைத்தாள்.

கண்ணாடியின் நடுவே, யாரோ வாய் வைத்து ஊதினாற்போல் வட்டமாக மங்கியிருந்தது. நாகமுத்து துணியால் துடைத்தான். போகவில்லை. துடைக்கக்கூடத் தெரியாதவன் என்று துணியைப் பிடுங்கி, பவானி மறுபக்கம் போய் அழுத்தித் துடைத்தாள்.

அங்கேயும் போகவில்லை.